காலையில் வெளிச்சம், மாலையில் மசாஜ்: பருவகாலச் சோர்வைத் தணிக்க ஓர் எளிய அறிமுகம்

குளிர்காலம் நெருங்கிப் பகல் குறுக ஆரம்பித்ததும் சிலருக்கு மனமும் சேர்ந்து மங்கிவிடுகிறது. பத்து மணி நேரம் தூங்கினாலும் அசதி போகாது. ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால், என்ன சொல்ல வந்தோம் என்பதே பாதியில் மறந்துவிடும். கை கால்கள் கனக்கும். இனிப்பு மேலும் மாவுப் பண்டங்கள் மேலும் ஆசை கூடும், எடையும் கூடும். யாராவது கூப்பிட்டால் போனை எடுக்கவே அலுப்பாக இருக்கும். வசந்தம் வந்து பகல் நீண்டதும் இதெல்லாம் தானாகவே விலகும். அடுத்த ஆண்டு ஏறக்குறைய அதே மாதத்தில் மறுபடி வந்து நிற்கும்.

இப்படி அவதிப்படுகிறவர்களை வீட்டில் உள்ளவர்களே சோம்பேறி என்று சொல்லிவிடுவதுண்டு. அவர்களும் தங்களை அப்படித்தான் திட்டிக்கொள்கிறார்கள். அது நியாயமே இல்லை. இதற்கு உடலில் காரணம் இருக்கிறது, தணிக்க வழியும் இருக்கிறது. அப்படிப்பட்ட இரண்டு வழிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: ஒளி சிகிச்சை, மசாஜ். இரண்டும் சமமான மருந்துகள் என்பதுபோலப் பேசுவது சகஜமாகிவிட்டது. என் கருத்து வேறு. பருவகாலச் சோர்வின் வேரைத் தொடுவது ஒளிதான். மசாஜ் அதற்கு நல்ல துணை. இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இது எப்படித் தெரியவந்தது

ஹெர்பர்ட் கெர்ன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் மனநிலை ஏறி இறங்குவதைப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்துவந்தார். பகலின் நீளம் குறையும்போதெல்லாம் தன் ஊக்கமும் குறைவதை அந்தக் குறிப்புகளிலிருந்தே கண்டுபிடித்தார். அதே காலத்தில், 1980-இல், ஆல்ஃப்ரெட் லூயி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனை மிகப் பிரகாசமான வெளிச்சம் மனிதர்களிடமும் அடக்கிவிடும் என்பதே அது. சாதாரண அறை விளக்கு போதவில்லை, 2,500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பிரகாசம் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் கெர்னை அதிகாலையிலும் மாலையிலும் பிரகாசமான விளக்குகளின் முன் உட்காரவைத்து, அவருடைய குளிர்காலப் பகலைச் செயற்கையாக நீட்டிப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே அவர் தெளிந்தார்.

நார்மன் ரோசென்தாலும் அந்த ஆய்வாளர்களில் ஒருவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் வந்த பிறகு, குளிர்காலங்களில் தன் வேலை வேகம் சரிவதை அவரே உணர்ந்திருந்தார். 1984-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரைதான் பருவகால மனச்சோர்வு என்ற பெயரில் இந்த நிலையை மருத்துவ உலகில் பதியவைத்தது. பெண்களிடம் இது அதிகம். நிலநடுக்கோட்டிலிருந்து விலகி, குளிர்காலப் பகல் மிகவும் குறுகும் பகுதிகளிலும் அதிகம். முழு நோயாக இல்லாமல், வேலை ஓடிக்கொண்டே இருந்தும் மனம் மட்டும் மந்தமாகிக் கிடக்கும் மிதமான வடிவமும் உண்டு. அதைத்தான் பொதுவாகப் பருவகாலச் சோர்வு என்கிறோம்.

கோடையில் வரும் வகையும் இருக்கிறது, ஆனால் அரிது. அதில் தூக்கம் குறையும், பசி குறையும், எரிச்சல் கூடும். கீழே சொல்லப்போகும் ஒளி சிகிச்சை அந்த வகைக்கானது இல்லை.

கண்ணுக்கு இன்னொரு வேலை

கண் இருப்பது பார்ப்பதற்கு மட்டும் இல்லை. விழித்திரையில் பார்வைக்கான செல்கள் போக, வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில நரம்புச் செல்கள் இருக்கின்றன. உருவம், எழுத்து, முகம் எதையும் அவை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்பதே அவற்றின் கவலை. 2002-இல் டேவிட் பெர்சனின் ஆய்வுக் குழு இந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்று காட்டியது. மெலனாப்சின் என்ற நிறமி அவற்றில் இருக்கிறது. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அது நன்றாக அசைந்துகொடுக்கும்.

இந்தச் செல்கள் அனுப்பும் தகவல் மூளையின் நடுவில், ஹைப்போதாலமஸில் உள்ள ஒரு சின்ன நரம்புக் கொத்துக்குப் போகிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது விழிக்க வேண்டும், எப்போது உடல் சூடேற வேண்டும், மெலடோனின் எப்போது சுரந்து எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அது நிர்வகிக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் தனியே விட்டால் 24 மணி நேரத்துக்குக் கச்சிதமாக ஓடாது. தினமும் வெளிச்சம்தான் அதைத் திருத்துகிறது. காலை வெளிச்சம் அதை முன்னால் தள்ளும், இரவு வெளிச்சம் பின்னால் இழுக்கும்.

குளிர்காலத்தில் விடியல் தாமதமாகிறது. நாம் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுவோம், உள்ளே இருக்கும் கடிகாரமோ இன்னும் இரவு முடியவில்லை என்று கணக்குப் போடும். பகல் முழுக்க அந்த இழுபறி நீடிக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளின் போக்கும் பருவத்தோடு மாறுகிறது. குளிர்காலத்தில் அதன் சுழற்சி குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று ஒருவருக்கு உபதேசம் செய்து பயனில்லை. அவருடைய கடிகாரத்துக்கு வேண்டியது காலை வெளிச்சம்.

எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் விஷயம்

வெளிச்சம் என்றதும் பலரும் அறையில் இன்னொரு பல்பு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. பாவை சுருங்கி விரிந்து, விழித்திரையும் பழகிக்கொள்வதால், பெரிய வித்தியாசம்கூட நமக்குச் சின்னதாகத் தெரியும். நன்றாக வெளிச்சம் உள்ள அறை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 100 முதல் 500 லக்ஸ் வரைதான் இருக்கும். வானம் முழுக்க மேகம் மூடியிருந்தாலும் வெளியே பகலில் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வெயில் அடிக்கும் நண்பகலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டுக்குள்ளேயே கிடப்பவரின் கண், கடிகாரத்தின் கணக்கில், நாள் முழுக்க அந்தி நேரத்திலேயே இருக்கிறது.

சிகிச்சைக்குப் பயன்படும் ஒளிப்பெட்டிகள் 10,000 லக்ஸ் தருவதற்காகச் செய்யப்பட்டவை. இந்த அளவில் தினமும் காலை 30 நிமிடம் என்பதுதான் பரவலான நடைமுறை. பழைய 2,500 லக்ஸ் பெட்டிகளில் 2 மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. பிரகாசம் குறைந்தால் நேரம் கூடும், அவ்வளவுதான் கணக்கு.

பெட்டியின் மேல் அச்சிட்ட 10,000 என்ற எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது எந்தத் தூரத்தில் என்று பாருங்கள். விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் மளமளவென்று குறையும். சிறிய விளக்காக இருந்தால், தூரம் இரட்டிப்பானதும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். சில சின்ன விளக்குகள் 10,000 லக்ஸ் தர வேண்டுமானால் மூக்கை ஒட்டி வைக்க வேண்டியிருக்கும், அப்படி யாராலும் அரை மணி நேரம் உட்கார முடியாது. 30 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த அளவு தரும் அகலமான பெட்டியே வசதி. புற ஊதாக் கதிர்களை வடிகட்டியதாகவும் இருக்க வேண்டும். சருமத்தைக் கறுக்கவைக்கும் டானிங் விளக்குகள் வேறு, தோல் நோய்க்கான புற ஊதா விளக்குகள் வேறு. அவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. புற ஊதாக் கதிர் இல்லாததால் ஒளிப்பெட்டியிலிருந்து வைட்டமின் டி கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பலர் அதை எதிர்பார்த்து வாங்குகிறார்கள்.

எப்படி உட்காருவது

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிடுவது நல்லது. பெட்டியை மேஜையில், முகத்துக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். விளக்கையே முறைத்துப் பார்க்க வேண்டாம். கண் திறந்திருக்க வேண்டும், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அவ்வளவு போதும். அந்த நேரத்தில் காலை உணவு சாப்பிடலாம், செய்தித்தாள் படிக்கலாம், அன்றைய வேலைகளைக் குறித்துக்கொள்ளலாம். குளிர்கண்ணாடியையும் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கண்ணுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பது போன்ற சின்ன விஷயம்கூட இங்கே கணக்கில் வரும்.

முதல் சில நாட்கள் 10, 15 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது கண்ணுக்கு இதமாக இருக்கும். பலருக்குச் சில நாட்களிலிருந்து 2 வாரத்துக்குள் வித்தியாசம் தெரியவரும். முதலில் மாறுவது பெரும்பாலும் காலையில் எழும் விதம். மனத் தெளிவு அதற்கப்புறம் வரும். ஒருநாள் செய்து இரண்டு நாள் விட்டால் பலன் நிலைக்காது.

தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், படபடப்பு ஆகியவை சிலருக்கு வரலாம். பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவைத்தாலோ நேரத்தைக் குறைத்தாலோ பொதுவாகச் சரியாகிவிடும். மாலையில் செய்தால் தூக்கம் கெடும், கடிகாரமும் தவறான பக்கம் நகரும். அதனால் காலைதான்.

யார் தானாக ஆரம்பிக்கக் கூடாது? இருமுனை மனநோய் உள்ளவர்களுக்குப் பிரகாசமான ஒளி மனத்தை எதிர்ப்பக்கம் தூக்கி, மிதமிஞ்சிய வேகத்தில் கொண்டுபோய்விடலாம். விழித்திரை நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை ஆகியவை ஒளிக்கு உடலை அதிகம் கூசவைக்கும். இவற்றைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. கனடாவில் 96 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், 8 வாரம் ஒளிப்பெட்டி பயன்படுத்தியவர்களும் ஃப்ளுவாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டவர்களும் ஒரே அளவுக்கு, அதாவது 67 சதவீதம் பேர், தேறினார்கள். பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அன்னா விர்ஸ்-ஜஸ்டிஸும் சகாக்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் காலை ஒரு மணி நேரம் வெளியே நடந்த பருவகால மனச்சோர்வு நோயாளிகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. என்னைக் கேட்டால், விடிந்த பிறகு வெளியே நடக்க முடிந்தவர்கள் முதலில் அதையே செய்து பார்க்கலாம். வெளிச்சமும் நடையும் சேர்ந்தே கிடைக்கின்றன. நார்வேயின் ரியூகான் ஊரில் மலைகள் மறைப்பதால் ஆண்டில் ஏறக்குறைய 6 மாதம் நேரடி வெயில் விழாது. 2013-இல் அந்த ஊர்க்காரர்கள் மலைச்சரிவில் 3 பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலைத் திருப்பி விழவைத்தார்கள். வெளிச்சத்துக்கான ஏக்கம் அவ்வளவு ஆழமானது.

சரி, மசாஜ் எங்கே வருகிறது?

மாதக்கணக்கில் சோர்ந்திருக்கும் மனம் உடலிலும் தடம் பதிக்கிறது. தோள்கள் காதை நோக்கி உயர்ந்தே கிடக்கும். பிடரி இறுகும். தாடை இறுகுவது நமக்கே தெரியாது. மூச்சு மேலோட்டமாகிவிடும். குளிருக்கு உடலைக் குறுக்கிக்கொள்வதும், நடமாட்டம் குறைவதும் இதை இன்னும் மோசமாக்கும். இந்த இறுக்கம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மறுநாள் மூளையை மந்தமாக்குகிறது. மசாஜ் கைவைப்பது இந்தச் சங்கிலியில்தான். கடிகாரத்தைத் திருத்தும் வேலையை அதனால் செய்ய முடியாது.

மென்மையான தொடுகைக்கென்றே நம் தோலில் தனி நரம்பு இழைகள் இருக்கின்றன. கை, முதுகு போன்ற முடி வளரும் தோலில் இவை பரவியுள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூடுள்ள ஒரு கை மெதுவாக நீவும்போது இவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. இந்தத் தகவல் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகளுக்குப் போகிறது. அவசர அவசரமாகத் தேய்ப்பதில் சுகம் இல்லாததற்கும், நிதானமாக முதுகை நீவினால் கண் சொக்குவதற்கும் இதுவே ஒரு காரணம். தசையைப் பிசைந்து மிதமான அழுத்தம் தரும்போது இதயத் துடிப்பும் நிதானப்படுகிறது.

2004-இல் கிறிஸ்டோபர் மோயரும் சகாக்களும் 37 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஒருமுறை மசாஜ் செய்தால் அந்த நேரத்துப் பதற்றமும் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் குறைந்தன. பல அமர்வுகள் தொடர்ந்தபோது நிலையான பதற்றமும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்தன. அந்த ஆய்வுகள் பொதுவான பதற்றத்தையும் மனச்சோர்வையும் பற்றியவை, குளிர்காலச் சோர்வுக்கென்றே நடந்தவை இல்லை. மசாஜைத் துணை என்று நான் சொல்வது இதனால்தான். மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை மசாஜ் அடியோடு குறைத்துவிடும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். 2011-இல் மோயரும் சகாக்களும் அதைத் தனியே சரிபார்த்தபோது, அந்தக் குறைவு மிகச் சிறியது என்று தெரிந்தது. மசாஜின் பலன் உண்மையானது, அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மையானவை இல்லை.

தொழில்முறையாகச் செய்பவரிடம் போக முடிந்தால், பயிற்சி பெற்றவரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வீட்டிலேயே துணைவரோ உடன்பிறந்தவரோ செய்துவிடலாம். யாரும் இல்லாவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்கான ஒரு முறையைச் சொல்கிறேன்.

இரவு படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அறை விளக்கைக் குறைத்துவிட்டு, முதுகு சாயும்படி உட்காருங்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். வலது கையால் இடது தோளின் மேல், கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் உள்ள சதைப்பிடிப்பான மேட்டைப் பிடியுங்கள். கிள்ளாமல், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து அள்ளிப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தி, உள்ளே இழுக்கும்போது தளர்த்துங்கள். அங்கிருந்து மெதுவாகப் பிடரிக்கு ஏறி, மண்டையோடு தொடங்கும் இடத்தில் இருபக்கமும் உள்ள பள்ளங்களில் விரல் நுனிகளால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்துங்கள். தலையை முன்னால் லேசாகத் தொங்கவிட்டால் அந்த இடம் எளிதாகக் கிடைக்கும். அப்புறம் காதுக்குக் கீழே தாடை இறுகும் இடம், நெற்றிப் பொட்டு, கடைசியில் முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாக நீவுதல். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். கழுத்தின் முன்புறத்தையும் பக்கவாட்டில் நாடி துடிக்கும் இடத்தையும் அழுத்தவே கூடாது. வலி தாங்கினால்தான் பலன் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இங்கே நோக்கம் அமைதி, சுகமான அழுத்தமே போதும்.

காய்ச்சல், தோல் தொற்று, புதிதாக ஏற்பட்ட காயம் அல்லது எலும்பு முறிவு இருக்கும்போது மசாஜ் வேண்டாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் சூடும் இருந்தால் அங்கே ரத்தக்கட்டி இருக்கக்கூடும். அதை நீவிவிடுவது ஆபத்து, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டும் ஒரே நாளில்

காலை வெளிச்சம் கடிகாரத்தை எழுப்பிவிடுகிறது என்றால், இரவு மங்கலும் மசாஜும் உடலை இறக்கிவிடுகின்றன. அதனால் மசாஜை மாலைக்கோ இரவுக்கோ வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அதைப் பளிச்சென்ற விளக்கின் கீழ், கையில் திரையோடு செய்தால் பாதிப் பலன் போய்விடும். எழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாமல் இருக்கப் பாருங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குவது கடினமாக இருந்தால், முதல் வாரம் ஒளி மட்டும் போதும்.

எல்லாச் சோர்வையும் பருவத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது போன்றவையும் இதே மாதிரிதான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் முதல் இரண்டும் தெரிந்துவிடும். சோர்வு வேலையையும் உறவுகளையும் பாதிக்கும் அளவுக்குப் போனாலோ, 2 வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், நெருங்கிய ஒருவரிடம் சொல்லி அன்றைக்கே உதவி தேடுங்கள். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இதற்கு நன்றாகப் பலனளிக்கின்றன. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ரோஹன் நடத்திய ஆய்வில், இந்நோய்க்கென்று வடிவமைத்த பேச்சு சிகிச்சையும் ஒளியும் அந்தக் குளிர்காலத்தில் சமமாகவே உதவின. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் குறைவானவர்களுக்கே நோய் திரும்பியிருந்தது.

ஒளி சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி கடைசியில் எல்லோருக்கும் வரும். கொஞ்சம் தேறியதுமே விட்டால், பெரும்பாலும் சோர்வு திரும்பிவிடும். வழக்கமாக உங்களுக்குத் தெளிவு பிறக்கும் மாதம் வரை தொடர்ந்துவிட்டு, பிறகு நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். சோர்வு தொடங்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதற்குச் சில வாரம் முன்பே பெட்டியை மேஜைக்குக் கொண்டுவந்துவிடலாம்.